மடிப்பு கலையாத பேய்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த அரண்டவனுக்கு ஓர் அறையும் சுத்தமான படுக்கையும் கொடுத்துவிட்டால் அதுவே ஒரு தொழில். இதைக் கண்டுபிடித்தவர் பொடிசின் சித்தப்பா.

தெருமுனையில் இருக்கும் பழைய விடுதி அவருடையது. மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவார். கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் மட்டும் வாயெல்லாம் பல்லாகிவிடும், ஏனென்றால் அன்றைக்குத்தான் பேய் வரும். பொழுது சாயும் நேரத்தில் விருந்தினர்கள் எல்லாரும் கீழே கூடத்தில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். சித்தப்பா விளக்குகளை அணைப்பார். கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்றிய சின்ன விளக்குகள் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். கூடத்துக்கு மேலே, சுவரை ஒட்டி, மரக் கைப்பிடி வைத்த மாடி நடை ஒன்று உண்டு. அதில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி மெதுவாக நடந்து போவாள். போய், மறைந்துவிடுவாள். அவ்வளவுதான் பேய். அதற்கே கீழே இருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையைப் பிடித்து நசுக்கிவிடுவார்கள். கணவன் கை, மனைவி கை என்றெல்லாம் அப்போது பார்ப்பதில்லை.

அந்தப் பேய் யார் என்ற கதையைச் சித்தப்பா வருஷத்துக்கு ஒன்றாக விடுவார். ஒரு வருஷம் மாலுமிக்காகக் காத்திருந்து செத்தவள். அடுத்த வருஷம் அதே பெண் போர்வீரனுக்காகக் காத்திருந்து செத்தவள். இரண்டு வருஷமும் வந்த ஒரு கிழவர் அதைக் கேட்டதற்கு, "காதல்னா நாலு பக்கமும் இருக்கத்தாங்க செய்யும்" என்று சமாளித்தாரே தவிர, அசரவில்லை.

பேய் வேறு யாருமில்லை, பொடிசுதான். விடுதியின் போர்வை, தலையணை உறை, விருந்தினர் சட்டை எல்லாவற்றையும் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடுவது அவள் வேலை. பொடிசு என்பது, வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்ன வயதில் வைத்த பெயர். கடைக்குட்டி வளர்ந்து, சித்தியைவிட ஒரு சாண் உயரமாகியும் பெயர் மட்டும் வளரவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு சித்தப்பாவும் சித்தியும்தான் அவளுக்கு எல்லாம்.

வருஷத்தில் ஒரு நாள் பேயாக நடப்பது அவளுக்குக் கஷ்டமில்லை. மற்ற நாட்களெல்லாம் ஒளிந்திருப்பதுதான் கஷ்டம். சித்தப்பா போட்ட சட்டம் ஒன்று உண்டு: பேயின் முகத்தை விருந்தினர் யாரும் எந்த நாளும் பார்க்கக் கூடாது, பேய் கூடத்துப் படிக்கட்டில் இறங்கவே கூடாது. பார்த்துவிட்டால் பொய் வெளுத்துவிடும், தொழில் படுத்துவிடும். அதனால் அவளுக்குப் பின்பக்கப் படிக்கட்டு, பின்பக்கக் கதவு, மாடி நடையின் கோடியில் இருக்கும் இஸ்திரி அறை, இவைதான் உலகம். அந்த அறையில் ஒரு சின்னக் கம்பி ஜன்னல் கூடத்தைப் பார்த்து இருக்கும். அதன் வழியாகத்தான் அவள் மனிதர்களைப் பார்த்தாள்.

அவளுக்கு முன்னால் பேயாக இருந்தவள் அத்தை, சித்தப்பாவின் அக்கா. இஸ்திரி வேலையும் அவளுடையதாகத்தான் இருந்தது. ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி பட்டு இடது கை வெந்துபோனதிலிருந்து அத்தை எந்த உடுப்புப் போட்டாலும் இடது கையை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டுக்கொள்வாள். துணி உரசினால் எரியும் என்பாள். புண் ஆறித் தழும்பான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பொடிசு குழந்தையாக இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸில் ஒன்றைப் பார்த்தாள். பேய் நடந்து முடிந்து, விருந்தினர்களும் கலைந்து போயிருந்தார்கள். கூடத்துப் படிக்கட்டின் அடியில் இருந்த நாற்காலியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராகப் போய்க் கடிகாரம் விற்கிறவர். அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் தலைப்பில் நின்றாள். ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி இறங்கினாள். அப்புறம் அப்படியே திரும்பி ஏறி வந்துவிட்டாள். மறுநாள் காலையில் அவர் போய்விட்டார், பிறகு வரவேயில்லை.

"ஏன் அத்தை எறங்கல?" என்று பொடிசு கேட்டாள்.

"பேய் எறங்கக் கூடாதுடி" என்றாள் அத்தை. அன்று முழுவதும் இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே போட்டு வைத்ததையெல்லாம் பிரித்து மறுபடியும் போட்டாள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்து, செத்தும் போனாள். பெட்டியும் வெள்ளை உடுப்பும் பொடிசிடம் வந்தன.

வந்த முதல் வருஷமே பொடிசு ஒரு தப்புச் செய்தாள். வெள்ளை உடுப்புக்குக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டுவிட்டாள். நடந்து முடித்துப் பின்பக்கம் வந்தவளைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"பேய்க்கு எதுக்குடி இஸ்திரி? கை மடிப்பு கத்தி மாதிரி நிக்குது."

"கசங்கின துணியோட நாலு பேர் முன்னாடி எப்படி சித்தப்பா போறது?"

"அது செத்துப்போனவடி."

"செத்துப்போனா அழுக்கா இருக்கணுமா?"

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு போனார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவளும் வருஷா வருஷம் போட்டுக்கொண்டேதான் இருந்தாள். கையில் கிடைத்த துணியை மடிப்பில்லாமல் விட அவளால் முடியாது. ஒரே ஒரு குறை. அத்தை காலத்தில் பெட்டி கீழே விழுந்து அதன் மூக்கு நெளிந்திருந்தது. எவ்வளவு நேராக இழுத்தாலும் சட்டைக் கையில், முழங்கைக்குப் பக்கத்தில், மடிப்பு ஒரு சின்ன வளைவு வளைந்துதான் போகும்.

இனி ஆர்கன்காரருக்கு வருவோம். அந்த ஊர் சர்ச்சில் இருக்கும் பழைய குழாய் ஆர்கனைக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஏணி போட்டு ஏறிப் பிரித்து, துடைத்து, சுருதி சேர்த்துவிட்டுப் போக வருஷா வருஷம் வெளியூரிலிருந்து வருவார். ஒல்லியான ஆள். விடுதியில்தான் தங்குவார். பொடிசு அவருடைய முகத்துக்கு முன்னால் அவர் சட்டையைத்தான் பார்த்தாள். முதல் வருஷம் வந்த சட்டையின் பையில் ஒரு மிட்டாய் இருந்தது. வெந்நீரில் அது கரைந்து சட்டையோடு ஐந்தாறு தலையணை உறைகளையும் பழுப்பாக்கிவிட்டது. கறையெடுக்க அரை நாள் போயிற்று. வந்த ஆத்திரத்தில் அவள் அந்தச் சட்டைப் பையின் வாயை ஊசி நூலால் நறுக்கென்று தைத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வேறொரு சட்டை வந்தது. அதன் மேல், பைக்கு வெளியே, ஒரு மிட்டாய் இருந்தது. தண்ணீர் புகாதபடி காகிதத்தில் சுற்றி, அதன் மேல் இன்னொரு காகிதம் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. பொடிசு சிரித்துவிட்டாள். அந்தச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதைக் கவனித்து, வெள்ளைப் பொத்தான் கிடைக்காததால் சிவப்பு ஒன்றைத் தைத்து அனுப்பினாள். அன்று சாயங்காலம் கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தால், மனிதர் அதே சட்டையை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பொத்தான் தெரிகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்தில் உலாத்துகிறார்.

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேயாக நடக்கும்போது கைப்பிடியில் இடித்துக்கொண்டாள்.

அப்புறம் வருஷா வருஷம் அதே சட்டை வந்தது, மிட்டாயோடும், ஒரு பொத்தான் இல்லாமலும். அறுந்த பொத்தானுக்கும் அறுத்த பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியாதவள் இஸ்திரி அறையில் என்ன வேலை பார்க்க முடியும்? கத்திரியால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார். அவளும் சளைக்கவில்லை. ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் சித்தியின் பழைய கோட்டிலிருந்து பிடுங்கிய மஞ்சள். ஒரு வார்த்தை பேசியதில்லை. முகத்துக்கு முகம் நின்றதில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பிறந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இதற்குக் காதல் என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது?

பேய் நடக்கும் நேரத்தில் ஆர்கன்காரர் எப்போதும் படிக்கட்டின் அடியில் இருக்கும் அந்த நாற்காலியில்தான் உட்காருவார். மற்றவர்கள் பயந்து வெளிறிக் கிடக்க, அவர் மட்டும் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். பேயைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார் என்று அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். சித்தப்பா, நடிப்பில் முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷக் கிறிஸ்துமஸ் காலையில் சித்தி அடுப்படியிலிருந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஆர்கன்காரர் இனிமே வரமாட்டாராம். சர்ச்சுல புதுசா கரண்டுல ஓடுற ஆர்கன் வாங்கிட்டாங்களாம். பழசுக்கு அவரே போர்வை போத்திட்டு வந்துட்டாராம், பாவம். சாயங்காலம் பேயைப் பார்த்துட்டு கடைசி பஸ்ஸுல கிளம்புறாராம்."

பொடிசின் கையில் இருந்த தலையணை உறை கீழே விழுந்தது. பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இஸ்திரி அறைக்கு ஓடினாள். அவருடைய சட்டை கூடையில் மேலாகவே இருந்தது. அவசரமாகத் தேடினாள். மிட்டாய் இல்லை. பொத்தான்களை எண்ணிப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், மிச்சமிருந்த வெள்ளைகள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒன்றுகூட அறுக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகிறவர் ஒரு பொத்தானைக்கூட அவளுக்கு விட்டுவைக்கவில்லையே.

அழுதுகொண்டே அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். போட்டு முடிப்பதற்குள் அழுகை நின்று, வேறொன்று பிடித்துக்கொண்டது. அத்தை ஞாபகம். ஒரு படி, இன்னொரு படி, அப்புறம் திரும்பி ஏறிய அந்தக் கால்கள். "இன்னைக்கு நான் எறங்குவேன்" என்று அவள் பெட்டியிடம் சொன்னாள். நடந்து முடித்து, பின்பக்கமாகப் போகாமல், கூடத்துப் படிக்கட்டில் எல்லார் கண்ணெதிரிலும் இறங்கி, அவர் முன்னால் போய் நிற்பது. தொழில் படுத்தால் படுக்கட்டும். சித்தப்பாவிடம் சொல்லிவிட்டே செய்வது என்று கீழே போனாள்.

சித்தப்பா மெழுகுவத்தியின் திரியைக் கிள்ளி நிமிர்த்திக்கொண்டிருந்தார். கேட்டதும் அவர் முகத்தில் ஈ ஆடவில்லை.

"பைத்தியமாடி உனக்கு? எல்லா ரூமும் நிறைஞ்சிருக்கு. நீ எறங்கினா அடுத்த வருஷம் இந்த வாசல்ல காக்கா கூட உக்காராது."

"அவர் போயிடுவார் சித்தப்பா."

"போறவர் போகட்டும். உங்க அத்தைக்கும் இதைத்தான் சொன்னேன். அவ கேட்டா. குடும்பம் நின்னுது."

"அத்தை நின்னாளா?"

சித்தப்பா மறுபடியும் திரியைக் கிள்ளினார். மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு, "நேரமாச்சு, போய் உடுப்பை மாட்டு" என்றார்.

பொடிசு மாடிக்கு ஓடினாள். கதவை அறைந்து சாத்தினாள். வெள்ளை உடுப்பு ஆணியில் தொங்கியது, மடிப்பு கலையாமல். அதை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் கீழே தன் பையோடு அவர் வந்து உட்காருவது கம்பி ஜன்னல் வழியே தெரிந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. உடுப்பு எதற்கு, பேய் எதற்கு, இப்படியே இறங்கிவிட்டால் என்ன? பாய்ந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

அந்தக் கைப்பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷமாக ஆட்டம். கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பதமாகத் திருப்ப வேண்டும். பொடிசுக்கு அது தூக்கத்திலும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த கம்பி அந்தப் பக்கமாக நழுவிப் போய்விட்டது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கத்திரியை விட்டுப் பார்த்தாள். கதவைத் தட்டினாள், உதைத்தாள். கீழே எல்லாரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேரும் பத்துச் சுருதியில் கத்தியதில் வானம் இடிந்து விழுந்தாலும் கேட்டிருக்காது. பாட்டு முடிந்ததும் விளக்குகள் அணைந்தன. குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. இப்போது ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் அந்த இருட்டில், அந்த அமைதியில், பேய் வர வேண்டிய இடத்திலிருந்து "கதவு மாட்டிக்கிச்சு" என்று குரல் வந்தால்? பொழுதெல்லாம் வீரம் பேசியவளுக்கு அந்த நேரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. பழகிய சட்டம் அப்படி.

கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, கம்பி ஜன்னலில் முகத்தைப் பதித்தாள். சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாடி நடையைப் பார்ப்பது தெரிந்தது. பேய் வரவில்லை. மறுபடியும் கனைத்தார். பாவம், வியர்த்திருப்பார்.

அப்போது பேய் வந்தது.

பொடிசு குனிந்து தன் கையைப் பார்த்தாள். வெள்ளை உடுப்பு அவள் கையில் இருக்கிறது. ஆனால் மாடி நடையில், ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் வெள்ளை உடுப்பில் ஒருத்தி நடந்து போகிறாள். காலடிச் சத்தம் இல்லை. உடுப்பு கசங்கிக் கிடந்தது, எங்கேயும் ஒரு மடிப்பு இல்லை. இடது கை மட்டும் முழங்கை வரை மடித்துவிட்டிருந்தது.

"அத்தை" என்றாள் பொடிசு. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கீழே விருந்தினர்கள் வழக்கம்போல் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆர்கன்காரர் சிரித்தபடி நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் முகத்தில் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது. எழுந்து நின்றார்.

"இவங்க இல்லையே" என்றார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. சித்தப்பா பதறிக்கொண்டு, "சார், உக்காருங்க. பேய் வர்றப்ப பேசக் கூடாதுங்க" என்றார்.

"மன்னிக்கணும். வழக்கமா வர்றவங்க எங்கங்க? இவங்க உடுப்புல மடிப்பு இல்லீங்க."

"பேய்க்கு ஏதுய்யா மடிப்பு" என்றது இருட்டில் ஒரு குரல்.

"எனக்கு வர்ற பேய்க்கு இருக்கும்" என்றார் ஆர்கன்காரர். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து பையை எடுத்தார். "அவங்களுக்கு வர இஷ்டமில்ல போல. நான் கிளம்புறேங்க."

பொடிசு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்துதான் சிரித்திருக்கிறார். சட்டைக் கையிலும் பேயின் கையிலும் ஒரே வளைவு வளைந்த மடிப்பு. அவர் வாசலை நோக்கி நடக்கிறார். வாயைத் திறந்தாள். வரவில்லை.

மாடி நடையில் பேய் நின்றது. படிக்கட்டின் தலைப்பில் நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு படி இறங்கியது. இன்னொரு படி இறங்கியது. அங்கே கொஞ்சம் நின்றது.

பிறகு அத்தை மூன்றாவது படியில் கால் வைத்தாள்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. விறுவிறுவென்று இறங்கினாள். முன்வரிசை நாற்காலிகள் தடதடவென்று சாய்ந்தன. மரத்தின் வெளிச்சத்தில் அந்த மடித்துவிட்ட கையைச் சித்தப்பா பார்த்தார். அவர் கையிலிருந்த மெழுகுவத்தி விழுந்து உருண்டது. "அக்கா" என்றார். அவள் அவரைக் கடந்து வந்து, படிக்கட்டின் அடியில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வாசலில் உறைந்து நின்ற ஆர்கன்காரர் பக்கம் திரும்பி, இடது கையைத் தூக்கி, மேலே இஸ்திரி அறையைக் காட்டினாள். காட்டிவிட்டுக் கம்பி ஜன்னலையே பார்த்தாள். 'நான் எறங்கிட்டேன், நீ என்னடி பண்றே' என்று கேட்கிற பார்வை.

அடைப்பு உடைந்தது.

"நான் இங்க இருக்கேன்" என்று பொடிசு போட்ட சத்தத்தில் மரத்திலிருந்து நட்சத்திரம் விழுந்ததாகச் சித்தி இன்றைக்கும் சொல்வாள். "மேல. கதவு மாட்டிக்கிச்சு. பஸ்ஸை விட்டுடுங்க, போகாதீங்க."

பையைப் போட்டுவிட்டு ஆர்கன்காரர் படிக்கட்டில் தாவி ஏறினார். வெளிப்பக்கக் கைப்பிடி நன்றாகத்தான் இருந்தது. ஒரு திருப்பில் கதவு திறந்தது. உள்ளே தலைகலைந்து, முகம் சிவந்து, ஒரு கையில் வெள்ளை உடுப்பும் மறு கையில் கழன்ற கைப்பிடியுமாகக் கவிழ்த்த கூடை மேல் நின்றுகொண்டிருந்தாள் பொடிசு.

இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவர்கள் என்ன பேசுவார்கள்?

"இந்த முழங்கைகிட்ட ஒரு வளைவு..." என்றார் அவர், தன் கையைக் காட்டி.

"பெட்டி மூக்கு நெளிஞ்சிருக்கு" என்றாள் அவள். "மாத்தணும்."

"மாத்தாதீங்க."

அவள் அவரை முறைத்தாள். "இந்த வருஷம் ஏன் ஒரு பொத்தானைக்கூட அறுக்கல?"

அவர் கால்சட்டைப் பையில் கையை விட்டார். பல சுற்றுக் காகிதம் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு மிட்டாயும் ஒரு வெள்ளைப் பொத்தானும் இருந்தன. "இப்ப போட்டிருக்கிற இந்தச் சட்டையில அறுத்தேங்க. கையில குடுத்துக் கேக்கலாம்னுதான்" என்றார். என்ன கேட்கலாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் நெஞ்சில் ஒரு பொத்தான் இடம் காலியாக இருந்தது. அவள் கூடையிலிருந்து இறங்கி, ஊசியை எடுத்து, அவர் சட்டையைக் கழற்றாமலே, நின்றபடியே தைக்க ஆரம்பித்தாள். அவளுக்கு நூல் கோக்கவே வெகு நேரம் ஆயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

கீழே கைதட்டல் கூரையைப் பிளந்தது. எல்லாம் நாடகம் என்று விருந்தினர்கள் நினைத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் பிரமாதம், பேய் கீழேயே இறங்கி வந்துவிட்டது, எப்படி மறைய வைத்தார்கள் பார், என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்த சித்தப்பாவின் நடிப்பைத்தான் ரொம்பவும் பாராட்டினார்கள். அவர் மடியில், மறைந்துபோன அத்தை விட்டுச்சென்ற பழைய செருப்பு ஜோடி இருந்தது.

பொடிசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் எறங்காதேன்னு சொன்னேன் பொடிசு" என்றார் சித்தப்பா. "செத்தும் எறங்காம நின்னுருக்கா பாரு, நான் சொன்னேன்னு. உனக்காகத்தான் எறங்கினா." மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆர்கன்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா முருங்கை மரம் ஏறணும்பாங்க. தெரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?"

"நான் தினமும் ஏணி ஏறுறவந்தாங்க" என்றார் ஆர்கன்காரர்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பொடிசு விருந்தினர்களோடு கூடத்தில், முன்வரிசையில், தன் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. காலையிலேயே வெள்ளை உடுப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, தன் வாழ்நாளிலேயே சிறந்த இஸ்திரி போட்டு, மாடி நடைக் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தாள். போட்டுக்கொள்ள ஆள் யாரும் இல்லை. படிக்கட்டின் அடியில் ஒரு நாற்காலியைச் சித்தப்பா காலியாகப் போட்டு, அதன் முன்னால் அந்தச் செருப்பை வைத்திருந்தார். அவர் விளக்கை அணைத்தார். பொடிசு கணவர் கையைப் பிடித்து நசுக்கினாள்.

கைப்பிடியில் தொங்கிய உடுப்பு அசைந்தது. அப்புறம் அது நடந்தது.

அத்தை வந்தாள். மடிப்பு கத்தி மாதிரி நிற்க, நிமிர்ந்து, அவசரமில்லாமல் படியிறங்கி வந்தாள். பின்வரிசையில் ஓர் ஆள், "சுத்த ஏமாத்து. இஸ்திரி போட்ட பேயை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று முணுமுணுத்தான். சித்தப்பா அவனை எரிப்பதுபோலப் பார்த்தார்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாக, பொடிசு அரை நாள் மெனக்கெட்டுப் போட்ட அந்த இடது கை மடிப்பைப் பிடித்து, முழங்கை வரை கசக்கி மடித்துவிட்டுக்கொண்டாள்.

"போச்சு" என்றாள் பொடிசு, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதுக்குத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டேனா அத்தை?"